தோற்றவருக்குக் காரணம் தெரிய வேண்டும்

ஒரே ஊரில் ஒரே அலைவரிசையைக் கேட்டு இரண்டு மூன்று அமைப்புகள் வந்து நின்றால் என்ன செய்வது? 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட சமுதாய வானொலி வழிகாட்டு நெறிமுறைகள் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பத்தியை ஒதுக்கின. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கூடுதல் செயலாளர் தலைமையில் ஒரு குழு அமர்ந்து அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். எதை வைத்து? அந்தச் சமுதாயத்தில் விண்ணப்பதாரருக்கு இருக்கும் மதிப்பு, அவர் காட்டும் ஈடுபாடு, அமைப்பின் நோக்கம், அவரால் திரட்டக்கூடிய வளம், நற்சான்று, சமூகப் பணியில் கழித்த ஆண்டுகள். இவற்றில் கடைசியாகச் சொன்னதைத் தவிர வேறெதையும் எண்ணிப் பார்க்க முடியாது. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதும் அந்தப் பத்தியில் இல்லை. இருபது ஆண்டு பணியாற்றிய ஏழைச் சங்கமும், ஐந்தாண்டு பணியாற்றிய வசதியான அறக்கட்டளையும் மோதினால் எது மேல்? குழுவுக்கே வெளிச்சம்.

குழு தவறான ஆளைத் தேர்ந்தெடுக்கிறது என்று சொல்ல வரவில்லை. சரியான ஆளையே தேர்ந்தெடுத்தாலும் அதைச் சரிபார்க்க வழியில்லாதபடி விதி எழுதப்பட்டிருக்கிறது என்கிறேன். அனுமதி கிடைக்காத அமைப்பு, வென்றவர் எந்த வகையில் தன்னைவிட மேல் என்று தானே கணக்குப் போட்டுப் பார்க்க முடிய வேண்டும். உரிமம் வழங்கும் முறை எந்த நாட்டுடையதாக இருந்தாலும், அதை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

100 வாட் திறன், 30 மீட்டர் கோபுரம். சமுதாய வானொலியின் குரல் பத்து கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். இத்தனை சின்ன வட்டத்துக்கா போட்டி என்று தோன்றலாம். ஆனால் பண்பலையில் இரண்டு நிலையங்களை மிக நெருக்கி வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இரண்டுமே கெட்டுவிடும். இந்தியாவில் சமுதாய வானொலிகளுக்குப் பெரும்பாலும் 90.4, 90.8, 91.2, 107.8 மெகாஹெர்ட்ஸ் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில அலைவரிசைகளே திரும்பத் திரும்பத் தரப்படுகின்றன. நாட்டுப்புறத்தில் இதனால் பெரிய சிக்கல் இல்லை. தனியார் பண்பலைகள் மொய்த்துக்கிடக்கும் பெருநகரத்தில், ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். தனியார் பண்பலைக்கு இந்தச் சிக்கலை அரசு ஏலத்தால் தீர்த்துக்கொண்டது. அதிகம் கொடுப்பவருக்கு அலைவரிசை. லாப நோக்கில்லாத வானொலியை ஏலம் விட முடியாது. ஆகவே யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாக வேண்டும். கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. பொதுச்சொத்தைப் பங்கிடுபவர் பொதுவில் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அதிலிருந்து தானே பிறக்கும் கடமை.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எல்லா வழிகளையும் முயன்று, பெரும்பாலானவற்றில் சூடுபட்ட நாடு அமெரிக்கா. அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் நெடுங்காலம் ஒப்பீட்டு விசாரணை நடத்தியே வானொலி, தொலைக்காட்சி உரிமங்களை வழங்கியது. நீதிமன்றம் போலவே சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. 1965-இல் அந்த விசாரணைகளுக்கென ஒரு கொள்கை அறிக்கையை ஆணையம் வெளியிட்டது. உரிமையாளரே முழுநேரமும் நிலையத்தில் இருந்து அதை நடத்துவாரா என்பது அதில் முக்கியமான அளவுகோல். முதலாளி நேரில் இருந்தால் ஊரார் சொல்வது அவர் காதில் விழும் என்பது நம்பிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வழக்கறிஞர்களோ இந்த அளவுக்குத் தக்கபடி விண்ணப்பதாரர்களைத் தைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். பணம் போடுபவர் திரைக்குப் பின்னால் இருப்பார். முன்னால் நிற்பவர், அந்த ஊருக்கே குடிவந்து நிலையத்திலேயே கிடப்பேன் என்று எழுதிக் கொடுப்பார். விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. 1993-இல் பெக்டெல் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அளவுகோலையே செல்லாது என்றது. 28 ஆண்டுகள் கடைப்பிடித்த பிறகும், அதனால் ஒலிபரப்பு மேம்பட்டது என்பதற்கு ஆணையத்தால் ஒரு சான்றையும் முன்வைக்க முடியவில்லை என்பதை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

குலுக்கலையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1980-களில் செல்போன் உரிமங்களைக் குலுக்கிப் போட்டபோது, தொலைபேசித் தொழிலின் வாசனையே அறியாதவர்கள் ஆயிரக்கணக்கில் விண்ணப்பித்தார்கள். கேப் காட் பகுதிக்கான உரிமத்தை 1989-இல் குலுக்கலில் வென்ற ஒரு கூட்டு, அதை ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு 4 கோடி டாலருக்கு மேல் விற்றுவிட்டுப் போனது. குடவோலை முறையைப் பள்ளியில் படித்து வளர்ந்த நமக்குக் குலுக்கல் ஒன்றும் தாழ்வாகத் தெரியாது. ஆனால் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடத்தில் ஓலை விழுவதற்கு முன்பே யார் யாரைக் கழிக்க வேண்டும் என்பதைத்தான் விரிவாகப் பேசுகின்றன. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, கல்வி எல்லாம் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் கூடாது. (அது ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணர் ஊரின், சபை; ஊரில் எல்லோருக்கும் அதில் இடமிருக்கவில்லை என்பதைச் சனநாயகப் பெருமை பேசும் மேடைகள் சொல்வதில்லை.) தகுதி விதி கறாராக இருந்தால்தான் குலுக்கலுக்கு மரியாதை. அமெரிக்க செல்போன் குலுக்கலில் இல்லாமல் போனது அதுதான்.

1997-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வணிக நிலையங்களை ஏலத்துக்குத் தள்ளிவிட்டு, லாப நோக்கில்லாத நிலையங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த விலக்குக்குள் பிறந்ததுதான் புள்ளி முறை. 2000 ஜனவரியில் குறைதிறன் பண்பலை என்ற புதிய வகையை ஆணையம் உருவாக்கியது. இங்கே போலவே அங்கேயும் 100 வாட்; சுமார் ஐந்தரை கிலோமீட்டர் ஆரம்; பள்ளிகள், தேவாலயங்கள், தொழிலாளர் சங்கங்கள் போன்ற உள்ளூர் அமைப்புகளுக்கு மட்டும். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பெரிய ஒலிபரப்பாளர்களின் சங்கம் நாடாளுமன்றத்தைப் பிடித்து, இந்தக் குட்டி நிலையங்கள் பெரிய நிலையங்களிலிருந்து கூடுதல் இடைவெளி விட வேண்டும் என்று சட்டம் கொண்டுவரச் செய்தது. பொதுநிதி உதவியும் பெற்றுவந்த தேசியப் பொது வானொலியும் அதே பக்கம் நின்றதுதான் வேடிக்கை. நகரங்களின் கதவு சாத்தப்பட்டது. நாடாளுமன்றம் கேட்டபடி நடந்த தொழில்நுட்ப ஆய்வு, பெரிய இடையூறு எதுவும் இல்லை என்று 2003-இல் சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் மாறியது 2011 ஜனவரியில்தான். அலைவரிசைப் பற்றாக்குறை என்று அதிகாரிகள் கைவிரிக்கும்போது, அதில் இயற்பியல் எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று கேட்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். தட்டுப்பாட்டை உருவாக்கிவிட்டு, பிறகு நியாயமாகப் பங்கிடுகிறேன் என்பது என்ன நியாயம்?

சட்டம் மாறியதும் 2013 இலையுதிர் காலத்தில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. 2,800 போல வந்து குவிந்தன. ஒன்றோடொன்று மோதும் விண்ணப்பங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்துக்குள்ளும் புள்ளி போட்டார்கள். புள்ளிகள் மொத்தம் ஆறு. விண்ணப்பிக்கும் முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் இயங்கியிருந்தால் ஒன்று. வட்டாரம் என்றால் என்ன என்பதும் மைல் கணக்கில் வரையறுக்கப்பட்டது: அமைப்பின் தலைமையகம் கோபுரத்திலிருந்து பெருநகரமானால் 10 மைலுக்குள், மற்ற இடமானால் 20 மைலுக்குள் இருக்க வேண்டும், அல்லது நிர்வாகக் குழுவில் முக்கால்வாசிப் பேர் அந்த எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம் உள்ளூரிலேயே தயாரித்த நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவேன் என்று உறுதியளித்தால் ஒன்று. வாரத்துக்கு 20 மணி நேரம் ஆள் இருக்கும், யாரும் நுழையக்கூடிய ஒலிப்பதிவுக்கூடம் வைப்பேன் என்றால் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஏற்றால் கூடுதலாக ஒன்று. வேறு ஒலிபரப்பு நிலையம் எதிலும் பங்கில்லை என்றால் ஒன்று. பழங்குடி நிலத்தில் பழங்குடியினரே நடத்துவதானால் ஒன்று.

இதில் எந்தப் புள்ளியையும் எதிராளி சரிபார்க்கலாம். முகவரியை வரைபடத்தில் அளக்கலாம். பதிவுச் சான்றிதழில் தேதி பார்க்கலாம். பொய்யென்றால் மனுப் போட்டுப் புள்ளியைக் கழிக்க வைக்கலாம், பலர் வைத்தார்கள். நிகழ்ச்சி நல்லதா கெட்டதா என்று ஆணையம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. வானொலியில் எது நல்ல பேச்சு என்று அரசு அதிகாரி தீர்மானிப்பது, தணிக்கையின் கொல்லைப்புற வாசல்.

இந்த முறைக்குக் கண் தெரியாது என்பார்கள் இதை எதிர்ப்பவர்கள். உண்மைதான். ஃபுளோரிடாவில் இம்மோக்கலீ என்ற ஊரில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்களின் கூட்டமைப்பு 2003 முதல் ஒரு குறைதிறன் வானொலியை நடத்துகிறது. மெக்சிகோ, குவாதமாலா, ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஸ்பானிய மொழியோடு, ஹெய்ட்டி கிரியோலும் மாயன் மொழிகளும் அங்கே பேசப்படும். கூலி பாக்கிக்கு எங்கே போவது என்பதும் புயல் எச்சரிக்கையும் அவர்கள் மொழியில் கேட்க அந்த நிலையம் ஒரு முக்கியமான வழி. இந்த மதிப்பைப் புள்ளி முறை பார்க்காது. அதே ஊரில் வெளியூர்ப் பிரசங்கங்களைப் போடும் ஓர் அமைப்பு நாளுக்கு 8 மணி நேரம் உள்ளூர் ஆளை உட்காரவைத்துப் பாட்டுப் போட்டால், அதற்கும் இதே புள்ளி. ஒலிக்கூடத்தில் இருக்கும் ஆள் தேர்ந்தெடுத்துப் போடும் பாட்டும் உள்ளூர்த் தயாரிப்புக் கணக்கில் சேரும். தானியங்கியில் ஓடவிட்டால் மட்டும் சேராது. இவ்வளவு குறைகளோடும் இந்தப் பக்கமே நான் நிற்கிறேன். கண்ணுள்ள முறை யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்க்கத் தவறுகிறது என்பதை நாம் அறிய வழியில்லை. குருட்டு முறையின் தவறுகளாவது எல்லோருக்கும் தெரிந்த தவறுகள். அவற்றை விதி மாற்றித் திருத்தலாம்.

எல்லோரும் எல்லா உறுதிமொழியையும் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் ஐந்து புள்ளி. கொத்துக்குக் கொத்து அப்படித்தான் ஆனது. அந்தச் சமநிலையை உடைக்க ஆணையம் வைத்திருந்த வழி, முறைவைத்து நடத்துவது. சமப் புள்ளி பெற்றவர்களுக்கு 90 நாள் அவகாசம். யார் எந்த நேரம் ஒலிபரப்புவது என்று தங்களுக்குள் பேசி எழுதிக் கொடுத்தால், உடன்படுபவர்களின் புள்ளிகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஐந்தும் ஐந்தும் பத்து. தனியே நிற்பவரின் ஐந்து தோற்றுவிடும். இதில் கூட்டணிக் கணக்கு நுழையாதா? நுழைந்தது. ஒரே ஆலோசகரின் கைவண்ணத்தில் வந்த விண்ணப்பங்கள் ஒன்றுகூடி மற்றவரைத் தள்ளுகின்றன என்ற புகார்களும் எழுந்தன. எந்த உடன்பாடும் வராவிட்டால், வட்டாரத்தில் நீண்டகாலம் இயங்கிவரும் மூன்று அமைப்புகளுக்கு வார நேரத்தை ஆணையமே சமமாகப் பிரித்துக் கொடுக்கும். 2000-த்தில் இருந்த விதி இன்னும் விநோதமானது. எட்டு விண்ணப்பதாரர்கள் வரை உரிமத்தின் எட்டு ஆண்டுகளை ஆளுக்கோர் ஆண்டு என்று வரிசையாக எடுத்துக்கொள்ளலாம். ஓராண்டு நடத்திவிட்டு மூட யார் கோபுரம் கட்டுவார்கள்? 2012-இல் அதைக் கைவிட்டார்கள்.

நேரப் பங்கீட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். அனுபவத்தில் ஒரு சிறு அமைப்பால் அதில் கால்வாசியைக்கூடச் சொந்தச் சரக்கால் நிரப்ப முடிவதில்லை. மீதி மறு ஒலிபரப்பும் திரைப்பாட்டும்தான். இருவருமே தகுதியானவர்கள் என்றால் ஒருவரைத் துரத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? காலையில் மீனவர் சங்கம், மாலையில் கல்லூரி. ஒரே கோபுரம், ஒரே கருவி, செலவும் பாதி. இந்திய நெறிமுறையின் அந்த ஒற்றைப் பத்தியில் இதற்கு இடமே இல்லை. ஒருவர் வெல்வார், மற்றவர் வீட்டுக்குப் போவார்.

பிரிட்டன் வேறு பாதையில் போனது. 2004-ஆம் ஆண்டின் சமுதாய வானொலி ஆணை, சமூகப் பயன் என்பதை நடுவில் வைத்தது. ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம், விண்ணப்பதாரரால் நிலையத்தைத் தொடர்ந்து நடத்த முடியுமா, ஊரில் கேட்பவர் உண்டா, ஊராருக்குப் பதில் சொல்ல என்ன ஏற்பாடு, பயிற்சி தருவார்களா என்றெல்லாம் பார்க்கும். புள்ளி கிடையாது; உரிமக் குழுவின் மதிப்பீடுதான். அந்த வகையில் அது நம் முறையின் உறவினர். ஆனால் விண்ணப்பம் வந்ததும் ரகசியப் பகுதிகளைத் தவிர்த்து முழுவதையும் இணையத்தில் போட்டுவிடுவார்கள். எந்த அளவுகோலை முன்னிட்டுக் கொடுத்தோம் என்று உரிமத்தோடு ஒரு குறிப்பும் வெளியாகும். விண்ணப்பத்தில் சொன்ன வாக்குறுதிகள் உரிமத்திலேயே நிபந்தனைகளாக ஏறும்: எத்தனை மணி நேரம் சொந்த நிகழ்ச்சி, எந்தெந்த மொழிகளில், என்ன பயிற்சி. அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் புகார் செய்யலாம். தோற்றவரும் செய்யலாம், அவரைவிட ஊக்கமான கண்காணிப்பாளர் கிடைப்பாரா?

பணத்தைப் பற்றியும் பிரிட்டன் யோசித்திருந்தது. ஒரே இடத்திலிருந்து பாதிக்கு மேல் வருமானம் வரக்கூடாது என்று முதலில் கட்டுப்பாடு வைத்தார்கள். ஒரு புரவலரின் ஊதுகுழலாக நிலையம் ஆகிவிடும் என்ற அச்சம். நம் நெறிமுறையோ திரட்டக்கூடிய வளத்தை ஒரு தகுதியாகவே வைத்தது. கையில் காசுள்ள கல்லூரிக்கும் கடன் வாங்கிக் கருவி வாங்கும் சுய உதவிக் குழுவுக்கும் இடையில் போட்டி என்றால், அந்த அளவுகோல் யார் பக்கம் சாயும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலையத்தைத் தொடங்கப் போதுமான பணம் இருக்கிறதா என்று கேட்பது சரி. போதும் என்றான பிறகு, யாரிடம் அதிகம் இருக்கிறது என்று ஒப்பிடக் கூடாது.

உண்மையில் இந்தியாவில் தேர்வு நடக்கும் இடம் குழு அறை கூட இல்லை. அதற்கு வெகு முன்பே, வரிசையில் அது நடந்துவிடுகிறது. 2002 டிசம்பரில் அனுமதி திறந்தது கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வளாக வானொலி ஒலித்தது. தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறந்தது 2006 நவம்பரில். அப்போதும் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் ஒற்றைச் சாளரத்தில் ஒப்புதல் என்றும், மற்றவர்கள் உள்துறை, பாதுகாப்பு அமைச்சகங்களின் தடையின்மைச் சான்றுக்குக் காத்திருக்க வேண்டும் என்றும் விதி பிரித்தது. தாளில் மூன்று மாதம். நடப்பில் அது ஆண்டுகளாக நீண்ட கதைகள் ஏராளம். அன்றைய மேடக் மாவட்டத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் 1990-களின் இறுதியிலேயே ஒலிக்கூடம் கட்டி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, அவற்றைக் கேசட்டாகச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சங்கம் ரேடியோ காற்றில் ஏறியது 2008 அக்டோபர் 15-இல். பத்தாண்டு சரக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் பின்னால் நின்றார்கள்; நேற்று முடிவெடுத்த வளாகங்கள் முன்னால் போயின. பல ஆண்டுகள் நாட்டின் சமுதாய வானொலிகளில் பெரும்பங்கு கல்வி வளாகங்களாகவே இருந்ததற்கு இந்த வரிசைதான் காரணம். வளாக வானொலிகளில் அருமையானவை உண்டு. ஆனாலும் வரிசையில் முந்தியவருக்கு அலைவரிசை என்றால், அது கோப்பு வேகமாக நகரும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை.

2024 பிப்ரவரியில் நெறிமுறைகள் திருத்தப்பட்டன. முதல் அனுமதிக் காலம் 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டானது. பல மாவட்டங்களில் இயங்கும் ஓர் அமைப்பு ஆறு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற நல்ல விதியும் வந்தது. எண்ணிச் சரிபார்க்கக்கூடியது என்பதால் எனக்கு அது இரட்டிப்பாகப் பிடிக்கும். முதல் இரண்டும் சேர்ந்து செய்வதைப் பாருங்கள். தோற்றவர் இனிப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். வென்றவர் ஏற்கெனவே ஐந்து நிலையங்கள் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். அமெரிக்கப் புள்ளி முறையில் வேறு நிலையம் இல்லாதவருக்கு ஒரு புள்ளி கூடும். இங்கே பல நிலைய அனுபவமே நற்சான்றாக எண்ணப்பட வாய்ப்பிருக்கிறது. முதல் நிலையம் கேட்கும் அமைப்பும் ஆறாவது கேட்கும் அமைப்பும் மோதினால் முதலாமவருக்கே முன்னுரிமை என்று ஒரு வரி சேர்ப்பதில் என்ன தடை?

நுழைவில் சில கறாரான அளவுகோல்கள் போதும்: கோபுரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் நிர்வாகிகள் குடியிருக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாக அங்கே இயங்குகிறார்கள், வேறு நிலையம் உண்டா, உள்ளூர் நிகழ்ச்சி எத்தனை மணி நேரம், அந்த ஊரில் வேறெந்த வானொலியும் பேசாத மொழியிலோ வட்டார வழக்கிலோ எவ்வளவு. கடைசியாகச் சொன்னதை இம்மோக்கலீயை மனத்தில் வைத்துச் சேர்த்தேன். அதையும் மணிக்கணக்கில் அளக்கலாம். சமநிலை வந்தால் நேரப் பங்கீடு. தரத்தை எடைபோடும் வேலையைப் புதுப்பித்தலுக்குத் தள்ளிப்போடலாம். அப்போது வாக்குறுதிக்குப் பதிலாகப் பதிவான ஒலி கையில் இருக்கும். ஐந்தாம் ஆண்டில் இடைக்கால ஆய்வு ஒன்றை வைத்து, நிலையத்தின் ஒரு வார ஒலிபரப்பையும் விண்ணப்பத்தில் கொடுத்த உறுதியையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். பார்ப்பவர்களில் அந்த ஊர்க்காரர்களும் இருக்கட்டும்.

இவற்றில் சிலவற்றுக்கு நெறிமுறையைத் திருத்த வேண்டியிருக்கும், அதற்குக் காலம் பிடிக்கும். போட்டி வந்த ஊர்களில் விண்ணப்பங்களையும் குழுவின் ஒப்பீட்டுக் குறிப்பையும் அமைச்சகத்தின் இணையதளத்தில் போடுவதற்கு எதையும் திருத்த வேண்டாம். நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு 2005-லிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த குழுக் கூட்டத்திலிருந்தே தொடங்கலாம்.

கட்டுரையாளர்: ஒலிபரப்புச் சட்டங்கள், அலைக்கற்றைக் கொள்கை குறித்து எழுதிவருபவர்.